நத்தார் மின்னலங்காரம்: பழுதறிவோம், உயிர் காப்போம்

நத்தார் பண்டிகை நெருங்கும்போது நெல்லியடிச் சந்தைப் பகுதியிலும் வண்ண மின்குமிழ் மாலைகளின் விற்பனை களைகட்டுகின்றது. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டுக்கான மின்சாரம் தடைப்பட்டிருந்தபோது யாம் போத்தல் விளக்கொளியில் படித்த தலைமுறையினர், இன்று தம் பிள்ளைகளுக்காகப் பாலன் குடிலையும் வீட்டு முகப்பையும் மின்னொளியால் அழகுபடுத்துவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் நத்தார் காலம் எமக்கு மாரி காலமுமாகும். ஈரமும் மின்சாரமும் சேருமிடத்தில் சிறு பழுதும் உயிராபத்தாக மாறும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1882 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில், எடிசனின் சகபாடியான எட்வேர்ட் ஜோன்சன் 80 மின்குமிழ்களால் நத்தார் மரமொன்றை அலங்கரித்தார். இன்றைய மாலைகளின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகின்றது. இவற்றுட் பலவற்றில் குமிழ்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. 100 ஒரே வகைக் குமிழ்கள் ஒரு தொடரில் இருப்பின், எமது 230 வோல்ற்று மின்சாரம் குமிழொன்றுக்கு 2.3 வோல்ற்று வீதம் பகிரப்படும். இதனை எண்ணி "சிறு மின்சாரந்தானே" என்று கைவைப்பது பெருந்தவறு. தொடர் ஓரிடத்தில் அறுந்தால், அந்த இடைவெளியில் 230 வோல்ற்றும் முழுமையாக நிற்கும். ஆகவே குமிழைத் தொடுமுன் சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. செருகியையும் கழற்றிவிட வேண்டும்.

பழுதைக் கண்டறிய ஓர் ஒழுங்கு உண்டு. மாலை முழுவதும் எரியாவிடின், அதே குதையில் வேறொரு விளக்கைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அது எரிந்தால், குறை பெரும்பாலும் மாலையின் செருகியிலோ, உருகியிலோ, மினுக்கற் பெட்டியிலோ இருக்கும். ஒரு பகுதி மட்டும் இருண்டிருந்தால், அப்பகுதித் தொடரில் குமிழொன்று தளர்ந்திருக்கலாம். அல்லது கம்பி அறுந்திருக்கலாம். பல நிற மாலையில் ஒரு நிறம் மட்டும் எரியாவிடின், அந்நிறத்துக்குரிய தொடரையோ பெட்டியில் அதற்குரிய பகுதியையோ ஐயுற வேண்டும். விட்டுவிட்டு எரிவது தளர்ந்த இணைப்பின் அறிகுறி.

பழைய இழைக் குமிழ் மாலைகளில் ஒரு குமிழ் எரிந்துபோனாலும் ஏனையவை தொடர்ந்து எரிவதுண்டு. குமிழினுள் உள்ள மாற்றுக் கம்பி மின்னோட்டத்துக்கு வழிவிடுவதே இதற்குக் காரணம். ஆனால் பழுதான குமிழ் விட்டுச்சென்ற பங்கையும் மற்றையவை சுமப்பதால் அவையும் விரைவில் எரிந்துபோகும். எனவே அதனை உடனே மாற்றுவதே சிக்கனம்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுவதைப் பலரும் தொல்லையாகக் கருதுகின்றனர். உண்மையில் அது ஒரு காவலாளி. வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படுவது, ஏறத்தாழ 30 மில்லி அம்பியர் மின்னொழுக்கு ஏற்பட்டாலே மின்சாரத்தைத் துண்டிப்பதாகும். மாலைகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். அதனை நன்கு உலரவைத்துச் சோதித்த பின்னரும் சுவிட்ச் விழுமாயின் அம்மாலையைக் கைவிடுவதே நன்று. எல்லாவற்றையும் கழற்றிய பின்னரும் விழுமாயின் குறை வீட்டின் மின்னிணைப்பில் இருக்கக்கூடும்; தகுதியுள்ள மின்னிணைப்பாளரை அழைக்க வேண்டும். எக்காரணங்கொண்டும் ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுக்கலாகாது. அதேவேளை, உயிர்க்கம்பியையும் நொதுமற் கம்பியையும் ஒருசேரத் தொடுபவரை இச்சுவிட்ச் காப்பாற்றாமற் போகலாம் என்பதையும் அறிந்திருத்தல் அவசியம்.

உருகி பற்றியும் ஒரு சொல். மெல்லிய அலங்காரக் கம்பிக்கு 13 அம்பியர் உருகி காவலாகாது. கம்பி சூடேறித் தீப்பற்றிய பின்னரும் அது உருகாதிருக்கலாம். சதுர முள் செருகியில் 3 அம்பியர் உருகியே 690 வாற்று வரை தாங்கும். வீட்டு அலங்காரம் ஒன்றுக்கு இது தாராளம். உருகிக்குப் பதிலாக வெள்ளித்தாளைச் சுற்றுவது தீயை வருந்தி அழைப்பதற்கு ஒப்பாகும்.

எமது சூழலில் மிகுந்த கவனத்துக்குரியது இரும்புப் படலை. திறந்து மூடும் படலையில் கம்பி நசுங்கி உறை கிழிந்தால் படலை முழுவதும் மின்னேறும். அதை முதலில் தொடுவது வீட்டுக் குழந்தையாகவோ வாழ்த்துச் சொல்ல வரும் அயலவராகவோ இருக்கலாம். தகரக் கூரையும் முட்கம்பி வேலியும் அவ்வாறே. வெளியில் தொங்கவிடுவதற்கு வெளிப்பாவனைக்குரிய, குறைந்த வோல்ற்றளவில் இயங்கும் எல்.ஈ.டி. மாலைகளே உகந்தவை. அவற்றின் மின்மாற்றிப் பெட்டி மழைபடாத இடத்தில் இருக்க வேண்டும். இணைப்புகளைப் பொலித்தீன் பையாற் கட்டினால் உள்ளே நீர் தேங்கும். நிலத்திலிருந்து உயர்த்தி, கூரையின் கீழ் வைப்பதே சிறந்தது.

சில நூறு ரூபாவை மிச்சப்படுத்தப் பழுதான மாலையை ஒட்டுப்போட்டு எரிப்பதைவிட, ஒரு மாலை குறைவாக இருப்பது மேல். உறங்கச் செல்லுமுன் செருகிகளைக் கழற்றும் பழக்கத்தை இவ்வாண்டிலிருந்தாவது கைக்கொள்வோம். இல்லங்களில் ஒளியேற்றும் இத்திருநாள் எந்த வீட்டிலும் இருள் சூழ்வதற்குக் காரணமாகிவிடக் கூடாது.