வலப்பக்கம் நகராத மேடு

பிறந்து ஒரு மாதமாகியும் குழந்தைக்குத் தொப்புள்கொடி விழவில்லை. சுற்றிலும் சிவந்து புண்ணாகியிருக்கிறது. ஆனால் துளிச் சீழ் இல்லை. ரத்தத்தைச் சோதித்தால் வெள்ளை அணுக்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு. இத்தனை அணுக்கள் இருந்தும் புண்ணுக்கு ஒன்றுகூட வந்து சேரவில்லையே, ஏன்?

வெள்ளை அணு ரத்தக்குழாயை விட்டு வெளியேற, முதலில் குழாய்ச் சுவரை இறுகப் பற்ற வேண்டும். அந்தப் பிடி அதன் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் புரதங்களுடையது. அவற்றில் ஒரு பகுதியான சிடி18 உருவாகாவிட்டால், அணு ரத்த ஓட்டத்தோடேயே போய்க்கொண்டிருக்கும். சீழ் என்பதே பெரும்பாலும் புண்ணுக்கு வந்து மடிந்த வெள்ளை அணுக்கள்தாம். அவை வராத இடத்தில் சீழ் ஏது?

சிடி18 இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதை மட்டுமே தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை இணைத்துவிட வேண்டும். ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் 1941இல் நிமோனியாக் கிருமிகளைக் கண்டுபிடிக்கக் கையாண்ட உத்தி இது. ஒரே புரதத்தை மட்டும் குறிவைக்கும் ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டார்கள்.

கொஞ்சம் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடியைக் கலந்து, சாயம் மங்காதபடி இருட்டில் வைக்கிறார்கள். பிறகு சிவப்பணுக்களைக் கரைத்துக் கழுவி, ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவிக்குள் விடுகிறார்கள். அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு ஆயிரக்கணக்கில், 488 நானோமீட்டர் நீல லேசரைக் கடக்கின்றன. ஃப்ளோரசீன் சாயம் ஒட்டிய அணு பச்சையாக ஒளிரும். திரையில் அந்த ஒளியின் அளவு இடமிருந்து வலமாகக் கூடும்; அணுக்களின் எண்ணிக்கை ஒரு மேடாக எழும்பும். ஆரோக்கியமானவருக்கு மேடு வலப்பக்கம் நிற்கும். இந்தக் குழந்தைக்கோ இடது ஓரத்தை விட்டு நகராது.

வலப்பக்கத்து வெறுமையை உடனே நம்பிவிடக் கூடாது. ஆன்டிபாடியே கெட்டுப்போயிருக்கலாம். அதனால் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் அதே நாளில், அதே ஆன்டிபாடியோடு ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். இன்னொரு சிக்கலும் உண்டு: சிலருக்குப் புரதம் இருக்கும், வேலை செய்யாது. அவர்களுடைய அணுக்களும் ஒளிரும். ஒளியை மட்டும் பார்த்து நோய் இல்லையென்று சொல்வது ஆபத்து. அணுவின் பற்றும் திறனைத் தனியே சோதித்தாக வேண்டும்.

நோய் கடுமையாக இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்வதுண்டு. அதற்குப் பிறகும் இதே சோதனையைச் செய்கிறார்கள். இடது ஓரத்து மேடு தாழ்ந்து, வலப்பக்கத்தில் புதிதாக ஒன்று எழும்பினால், கொடையாளரின் அணுக்கள் குழந்தையின் உடலில் குடியேறிவிட்டன.