'டேக்' என்றால் 'எடு' மட்டுமா?

நாம் பேருந்தைப் பிடிக்கிறோம், மாத்திரையைச் சாப்பிடுகிறோம், படத்தை எடுக்கிறோம், தேர்வை எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இந்த நான்கு வேலைக்கும் 'டேக்' என்ற ஒரே வினை போதும். சீன மொழியிலோ பேருந்தில் 'உட்கார' வேண்டும், படத்தைத் 'தட்ட' வேண்டும், தேர்வுக்கென்று தனியாக ஒரு வினை உண்டு. மருந்தை மட்டும் அவர்களும் நம்மைப் போலவே சாப்பிடுகிறார்கள். இந்தச் சின்னஞ்சிறு 'டேக்'கோடு சீனர்கள் மல்லுக்கட்டத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

1757 முதல் 1842 வரை ஐரோப்பியக் கப்பல்களுக்குத் திறந்திருந்த சீனத் துறைமுகம் கான்டன் ஒன்றுதான். அங்கே தேயிலையும் பட்டும் விற்ற கடைக்காரர்கள் ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்க்காமலே ஆங்கிலம் பேசினார்கள். 'செம்மயிர் அந்நியர் பேச்சு' என்று பெயரிட்ட மெல்லிய கையேடுகள் அவர்களுக்கு உதவின. ஆங்கிலச் சொல்லின் ஒலியைக் கான்டன் உச்சரிப்புக்கு ஏற்பச் சீன எழுத்துகளிலேயே அவை எழுதிக் காட்டின. அந்தக் கலப்பு ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு வேலை அதிகம், உடை குறைவு. 'கேட்ச்' என்பது 'கேட்ச்சி' ஆகி, 'பெற்றேன்', 'வாங்கினேன்', 'கொண்டு வா' என எல்லாவற்றையும் சுமந்தது. நேற்றா நாளையா என்பதை வினை சொல்லாது. கேட்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அதில் வியப்பில்லை. 'எடுத்தேன், எடுக்கிறேன், எடுப்பேன்' என்று காலத்துக்கொரு வடிவம் சொல்லிப் பழகிய நமக்கு 'டேக், டுக், டேக்கன்' புரியாத விஷயமல்ல. சீன வினை எந்தக் காலத்திலும் உருமாறாது. செயல் முடிந்தது என்று காட்ட 'ல' என்ற ஓர் ஒட்டைச் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். 'நேற்று நான் போ' என்ற பிழை அங்கிருந்துதான் பிறக்கிறது.

1862இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்க பெய்ஜிங்கில் 'தோங்வென் குவான்' என்ற அரசுப் பள்ளி தொடங்கியது. கான்டன் பகுதியைச் சேர்ந்த வணிகர் தாங் திங்ஷு, ஆங்கிலம் கற்க ஆறு தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். சந்தைப் பேச்சு பாடமாக மாறிய காலம் அது. ஆனால் முறை பழையதுதான்: இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் அதற்குச் சமமான சீனச் சொல். 'டேக்' என்றால் 'நா', அதாவது 'கையில் எடு'. அதோடு சரி.

இருபதாம் நூற்றாண்டில் அரசியல் குறுக்கிட்டது. 1950களில் ரஷ்ய மொழி முதலிடம் பிடித்தது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் ஆங்கிலம் கற்பித்த இடங்களிலும் பாடம் பெரும்பாலும் அரசியல் முழக்கங்களாகவே இருந்தது. 1977இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு திரும்பி வந்தது. 1982இல் பிபிசியின் 'ஃபாலோ மீ' பாடத்தொடர் சீன மத்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, வீட்டுக்கு வீடு அதன் முன் உட்கார்ந்தார்கள். 1987இல் கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கிலத் தேர்வும் வந்து சேர்ந்தது.

அந்தத் தலைமுறையின் ஆயுதம் மனப்பாடம். சீனத்தில் மனப்பாடம் செய்வதற்கு 'பெய்' என்று பெயர். 'முதுகு' என்பதற்கும் அதே எழுத்துதான். பழைய பள்ளிகளில் மாணவன் ஆசிரியருக்கு முதுகைக் காட்டி நின்று ஒப்பிப்பான். அகரவரிசைச் சொற்பட்டியலின் முதல் சொல் பெரும்பாலும் 'அபாண்டன்', அதாவது 'கைவிடு'. முதல் சொல்லைப் படித்ததும் அதன்படியே படிப்பைக் கைவிட்டோம் என்பது சீன மாணவர்களிடையே வழங்கும் நெடுநாள் கேலி. 'டேக்' இருப்பதோ பட்டியலின் கடைசிப் பக்கங்களில்.

வினைக்குச் சமமான ஒற்றைச் சொல் கிடையாது என்ற பாடத்தை அவர்களுக்கு அடித்துச் சொன்னது 'ஹுவா' என்ற சீனச் சொல். அதற்குப் 'பூ' என்றும் பொருள், 'செலவிடு' என்றும் பொருள். காசையும் நேரத்தையும் அந்த ஒரே வினையால் செலவிடலாம். ஆங்கிலத்தில் அது நான்காகப் பிரிகிறது. ஆள் செலவழித்தால் 'ஸ்பெண்ட்', பொருளுக்கு விலை ஆனால் 'காஸ்ட்', கடையில் பணம் கொடுத்தால் 'பே', வேலை நேரம் பிடித்தால் 'டேக்'. இந்த நான்கையும் பிரித்தறியும் கேள்வி பல தலைமுறைகளாக நடுநிலைப் பள்ளி வினாத்தாள்களில் வந்துகொண்டிருக்கிறது. 'இட் டேக்ஸ் மீ டூ அவர்ஸ்' என்ற வாய்பாட்டைச் சொல்லாத சீன மாணவர் அரிது.

இன்று என்ன மாறியிருக்கிறது? முதலில், பிழையைப் பார்க்கும் பார்வை. குவெய் ஷிசுன், யாங் ஹுவெய்ட்ஜோங் என்ற இரு பேராசிரியர்கள் பள்ளி, கல்லூரி மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளைத் திரட்டி, பிழைகளுக்குக் குறியிட்டு, 2003இல் பத்து லட்சம் சொற்கள் கொண்ட தரவகமாக வெளியிட்டார்கள். 'விளக்கைத் திற', 'அறிவைக் கற்றேன்' போன்ற சீன வழி ஆங்கிலம் தனி மாணவனின் மட்டித்தனம் இல்லை, தாய்மொழியின் தடம் என்பதை இத்தகைய தரவுகளைக் கொண்டு எண்ணிக் காட்ட முடிந்தது. வகுப்பறையில் 'தாபெய்' என்ற சொல்லும் முன்னுக்கு வந்தது. சட்டைக்குப் பொருத்தமான கால்சட்டையைத் தேர்வதற்கும் சீனர்கள் 'தாபெய்' என்றுதான் சொல்வார்கள். எந்த வினைக்கு எந்தப் பெயர்ச்சொல் துணை என்று சேர்த்தே படிப்பது அது.

இரண்டாவது மாற்றம் கைப்பேசி. ரயிலில் நின்றபடியே சொற்செயலியைத் தட்டுகிறார்கள். ஒரு படம், ஓர் ஒலி, ஒரு சீனப் பொருள், அடுத்த சொல். வேகம் அபாரம். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், திரையில் ஒளிர்வது கான்டன் கடைக்காரரின் கையேடுதான்: இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் அதற்கு ஈடாக ஒரு சொல். உச்சரிப்பு மட்டும் இப்போது திருத்தமாகக் கேட்கிறது.

அன்றைய மாணவருக்கு அகராதியே அரிதாக இருந்தது. இன்றைய மாணவருக்கு விரல்நுனியில் நூறு எடுத்துக்காட்டுகள் இருந்தும் முதல் பொருளோடு நகர்ந்துவிடும் அவசரம். இரண்டிலும் 'டேக்' தனியாகத்தான் நிற்கிறது. அந்தக் கடைக்காரருக்கு மட்டும் ஒரு வசதி இருந்தது. 'கேட்ச்சி' என்று சொன்னபோது அவர் எதிரே தேயிலைப் பெட்டியும் வாங்க வந்த ஆளும் இருந்தார்கள். சொல் விட்ட குறையை அந்தச் சூழல் நிரப்பியது. செயலிக்காரருக்கு அது இல்லை.

அயல்மொழி எதைக் கற்பவருக்கும் இது பொருந்தும். வினையைத் தனியே எழுதி வைக்காதீர்கள். அது எதைப் பிடிக்கிறதோ அதையும் சேர்த்து ஒரு முழு வாக்கியமாக எழுதி வையுங்கள்.