ராப்பட்டினி கிடந்தும் ஓசனிச்சிட்டு சாகாதது ஏன்?

பகலெல்லாம் பூப்பூவாய்த் தேன் குடித்தால்தான் ஓசனிச்சிட்டுக்குத் தாக்குப்பிடிக்கும். பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் ராத்திரி குளிர் நடுக்கும், தேனும் கிடையாது. ஐந்தாறு கிராம் உடம்பு என்ன செய்யும்?

அடுப்பைச் சிம்மில் வைத்துவிடும்! அணைப்பதில்லை, கவனியுங்கள். பகலில் நிமிடத்துக்கு 1,000 முறைக்கு மேல் துடிக்கும் இதயம் 50 வரை இறங்கிவிடும். இறகைச் சிலிர்த்து, அலகை அண்ணாந்து தூக்கியபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

அங்கே கறுப்பு உலோகவால் சிட்டு என்னும் வகை ஓசனிச்சிட்டு ஒன்றின் உடல்சூடு 3.3 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதாக 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. உறக்கம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, மறுபடி தீ எழுவது எப்படி? விடியுமுன்பே மார்புத் தசைகள் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கமே சூடு; நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அதற்கும் எரிபொருள் வேண்டுமே! நேற்றைய தேனில் சேர்ந்த கொழுப்பு கொஞ்சம் மிச்சமிருந்தால்தான் உண்டு.