பொட்டலத்தில் தேதி மங்கினால்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கும்போது யாரும் தேதி பார்ப்பதில்லை; கண்ணே சொல்லிவிடும். தோசை மாவு, அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி என்று பொட்டலத்துக்குள் அடைத்த பொருளுக்கு வந்தால் தேதி ஒன்றுதான் துணை. அந்தத் தேதி சில பொட்டலங்களில் 3 என்றும் படிக்கலாம், 8 என்றும் படிக்கலாம் என்ற நிலையில் இருக்கிறது. விலாசமும் படமும் பளிச்சென்று இருக்க, தேதி வரி மட்டும் நடுவே வெள்ளைக் கோடு விழுந்து மங்கியிருக்கும்.

படமும் விலாசமும் கவர் தயாரிக்கும் இடத்திலேயே அச்சாகிவிடுகின்றன. பேட்ச் எண்ணும் தேதியும் பொருளை அடைக்கும் இடத்தில்தான் அடிக்கப்படும். சிறு தயாரிப்பாளர்கள் பலர் இதற்குக் கையில் பிடித்து இழுக்கும் இங்க்ஜெட் மெஷினை வைத்திருக்கிறார்கள். அரை அங்குல உயரத்துக்கு அடிக்கும் கார்ட்ரிட்ஜ்தான் அதன் உயிர். எழுத்து மங்குவதற்கு எண்ணெய்க் கை, பிளாஸ்டிக்குக்கு ஒவ்வாத மை, காய்வதற்குள் உரசல் என்று காரணங்கள் பல உண்டு. அதிகம் கவனிக்கப்படாத காரணம் சூடு.

1977-ல் கேனான் ஆய்வுக்கூடத்தில், சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரம்பிய ஊசியில் பட்டு, மை பீய்ச்சியடித்தது. இச்சிரோ எண்டோ என்ற பொறியாளர் அதைக் கவனித்ததிலிருந்து பிறந்ததுதான் வெப்ப இங்க்ஜெட். இந்தக் கார்ட்ரிட்ஜ்களில் இன்றும் முறை அதேதான். முடியைவிட மெல்லிய துளைக்குப் பின்னால் இருக்கும் சிறு ஹீட்டருக்கு, நொடியில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மின்சாரம் பாய்கிறது. ஹீட்டரின் மேற்பரப்பு 300 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. மையில் குமிழி எழுந்து ஒரு சொட்டை வெளியே தள்ளுகிறது. சூட்டில் ஒரு பகுதி சொட்டோடு போய்விடும். மீதி, ஹீட்டர் அமைந்த சிலிக்கான் தகட்டிலேயே தங்கும்.

அந்த மீதிதான் தொல்லை. தகடு சூடேற மை நீர்த்துப்போகிறது, சொட்டின் அளவு மாறுகிறது, துளைக்குள் காற்று புகுந்து சில துளைகள் அடிக்காமல் நின்றுவிடுகின்றன. நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடு அப்படியும் வரலாம். வெளிச்சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மார்க்கெட்டுக்கு அருகிலேயே உள்ள சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2024 மே 29 அன்று 46.8 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஓடும் மெஷினின் தகடு ஆறுவதற்கு வழியே இல்லை.

இங்கேதான் நல்லெண்ணத்தோடு ஒரு தவறு நடக்கிறது. எழுத்து மங்கியதும் மெஷினின் அமைப்பில் போய் வோல்ட்டேஜையும் பல்ஸ் நேரத்தையும் ஏற்றிவிடுகிறார்கள். அன்றைக்குக் கருப்பாக அடிக்கும். சொட்டு எழும்பத் தேவையானதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு துளி மின்சாரமும் வெறும் சூடுதான். அது மையைக் கருக்கி ஹீட்டரின் மேல் படலமாகப் படியவைக்கிறது. கொஞ்ச நாளில் ஹீட்டரே எரிந்துபோகிறது. கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் அந்த மைக்கென்று சொன்ன அளவிலேயே வையுங்கள். தொடர்ந்து அடிக்காமல் இடைவெளி விடுங்கள். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்து அடியுங்கள். பிளாஸ்டிக் கவருக்கு அதற்கான சால்வென்ட் மையை வாங்குங்கள். மின்சாரமும் மிஞ்சும், கார்ட்ரிட்ஜும் நீடிக்கும்.

எப்சன் போன்ற பிரிண்டர்களில் உள்ள பியெசோ தலையில், மின்சாரம் பட்டால் வடிவம் மாறும் துண்டுதான் மையைத் தள்ளுகிறது; அங்கே மையைச் சூடாக்குவதில்லை. ஆனால் அதை இயக்கும் சர்க்யூட் சூடாகும். பியெசோ துண்டு மின்தேக்கி மாதிரி நடந்துகொள்வதால், ஒவ்வொரு முறை மின்னூட்டம் ஏறும்போதும் இறங்கும்போதும் டிரான்சிஸ்டரில் ஆற்றல் சூடாகக் கரைகிறது. வோல்ட்டேஜ் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஒரேயடியாக ஏற்றாமல் படிப்படியாக ஏற்றி, இறங்கும் மின்னூட்டத்தைத் திரும்பச் சேமிக்கும் சர்க்யூட்டுகளும், கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபையர்களும் இந்த இழப்பைக் குறைக்கவே வந்தவை. மெஷின் வாங்கும்போது எத்தனை வாட் இழுக்கும், எவ்வளவு வெப்பநிலை வரை தாங்கும் என்று கேட்பது உங்கள் உரிமை.

மெஷின் எப்படியிருந்தாலும் சட்டம் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. உணவுப் பொட்டலத்தில் உள்ள விவரங்கள் தெளிவாக, அழியாதபடி, எளிதில் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள். தயாரித்த அல்லது அடைத்த தேதியும் காலாவதித் தேதியும் அந்த விவரங்களில் அடங்கும். தவறான லேபிளோடு உணவை விற்றால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "கம்பெனி அடித்தது, எனக்கென்ன தெரியும்" என்று கடைக்காரர் கைகழுவ முடியாது. 27-ஆம் பிரிவு விற்பவரையும் பொறுப்பாக்குகிறது. இதைச் சின்ன விஷயமென்று விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. லேசில் அழியும் தேதியை வேண்டுமென்றே அழித்துப் புதிதாக அடிப்பதும் லேசு.

மெஷின் வாங்கிய சிறு தயாரிப்பாளருக்கும் வழி உண்டு. தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. உத்தரவாதக் காலத்திலேயே தலை எரிந்துபோய், கடை மாற்றித்தர மறுத்தால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமே இல்லை. தீர்ந்த கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளுக்குள் அதுவும் வருகிறது.

அடுத்த முறை தேதி படிக்க முடியாத பொட்டலம் கைக்கு வந்தால், வாங்காமல் திருப்பிக் கொடுங்கள். வாங்கிவிட்டிருந்தால் பொட்டலத்தையும் பில்லையும் சேர்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800112100; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.