பச்சை டிக் விழும்வரை

2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசர அவசரமாக ஒரு அப்டேட்டை வெளியிட்டது. காரணம், ஒரே ஒரு வரி. ஏற்கெனவே இருந்த ‘கோ டூ ஃபெயில்’ என்ற கட்டளை, அதன் கீழேயே இன்னொரு முறை விழுந்திருந்தது. எதிர்முனையில் இருக்கும் இணையதளம் அசல்தானா என்று சரிபார்க்கும் கையொப்பச் சோதனையை அந்த உபரி வரி நடக்கவே விடவில்லை. வங்கியின் வேடத்தில் நடுவே உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவரையும் போன் நம்பிவிடும். 2012இல் வந்த ஐ.ஓ.எஸ். 6 முதலே அந்த வரி அங்கே இருந்தது.

பொய்யான கையொப்பம் ஒன்றை வேண்டுமென்றே கொடுத்து, ‘இதை மறுக்கிறதா?’ என்று பார்க்கும் சின்னச் சோதனை போதும். நிரலில் யார் கை வைத்தாலும் அது தானாக ஓடியிருந்தால், அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். இந்தத் ‘தானாக’ என்பதுதான் விஷயம். சோதனை எழுதி வைப்பவர்கள் ஏராளம். மறக்காமல் ஓட்டுகிறவர்கள் குறைவு.

அந்த மறதிக்கு மருந்தாகத்தான் நிரல் களஞ்சியத்தையும், சோதனைகளைத் தானாக ஓட்டும் சோதனைத் தளத்தையும் இணைக்கிறார்கள். களஞ்சியம் என்றால் பெரும்பாலும் கிட்ஹப். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்ற கருவி, நிரலில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதையெல்லாம் பதிந்து வைக்கும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் எல்லாரும் பகிர்ந்து வேலைசெய்ய இடம் கொடுத்து 2008இல் தொடங்கியது கிட்ஹப். பத்தே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது.

சோதனைப் பக்கத்தின் கதை சிகாகோவில் தொடங்குகிறது. 2004இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ், ஊழியர்கள் வேலைநேரத்தையும் செலவுக் கணக்கையும் பதியும் ஓர் உள்ளலுவலக மென்பொருளைச் செய்துகொண்டிருந்தார். அதை ஒவ்வொரு பிரவுசரிலும் கையால் தட்டித் தட்டிப் பார்ப்பதில் சலித்துப்போய், பட்டனைத் தானே அழுத்திப் பார்க்கும் ஒரு கருவியை எழுதினார். அதுதான் செலினியம். நூற்றுக்கணக்கான போன்களையும் பிரவுசர்களையும் ஒரே இடத்தில் வைத்து, இணையம் வழியே வாடகைக்கு விடும் தொழிலும் பின்னாலேயே வந்தது. 2011இல் மும்பையில் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் அந்த வகை.

இரண்டையும் இணைத்துவிட்டால் என்ன நடக்கும்? ஒரு நிரலாளர் தன் திருத்தத்தை அனுப்பி, ‘இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று புல் ரெக்வெஸ்ட் போடுகிறார். அந்த நொடியே கிட்ஹப், சோதனைத் தளத்தின் முகவரிக்கு ஒரு தகவலைத் தட்டிவிடும். எந்தக் களஞ்சியம், அதில் தனியே வளரும் எந்தக் கிளை, எந்தத் திருத்தம், யார் செய்தது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். இதன் பெயர் வெப்ஹூக். பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் தகவல் போய்ச்சேரவில்லை என்று கிட்ஹப் குறித்துக்கொள்ளும். அதனால் தளம் ‘வந்தது’ என்று மட்டும் சொல்லிவிட்டு, வேலையை வரிசையில் போடும். போலித் தகவலை எவரும் அனுப்பிவிடாதபடி, இரு தரப்புக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லால் அதில் முத்திரையும் குத்தப்பட்டிருக்கும்.

பிறகு தளம் ஒரு புதிய கணினியை எழுப்பி, நிரலை இறக்கி, சோதனைகளை ஓட்டி, முடிவைக் கிட்ஹப்புக்குத் திருப்பி அனுப்பும். ஓடிக்கொண்டிருக்கும்போது மஞ்சள் புள்ளி, தேறினால் பச்சை டிக், தோற்றால் சிவப்புப் பெருக்கல் குறி. பச்சை விழாதவரை திருத்தத்தைப் பிரதான கிளையில் சேர்க்கவே முடியாதபடி பூட்டும் வசதியும் உண்டு. இந்தப் பூட்டைப் போடாத இணைப்பு வெறும் அலங்காரம்தான்.

பூட்டு போட்டாலும் ஒரு தொல்லை இருக்கிறது. நிரல் மாறாமலே ஒருமுறை தேறி, ஒருமுறை தோற்கும் சோதனைகள் உண்டு. துறையில் ‘ஃப்ளேக்கி’ என்பார்கள். நெட்வொர்க் கொஞ்சம் இழுத்தாலே போதும், சிவப்பு. தன் சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்தக் குணம் ஓரளவு இருப்பதாக 2016இல் கூகுள் சொன்னது. தேறிக்கொண்டிருந்த சோதனை திடீரெனத் தோற்கும் தருணங்களில் 84 சதவீதத்தில் இப்படிப்பட்ட சோதனையே சம்பந்தப்பட்டிருந்ததாம். அப்புறம் சிவப்பைப் பார்த்தவுடன் யாரும் நிரலைத் திறப்பதில்லை. ‘ரீ-ரன்’ பட்டனைத்தான் அழுத்துவார்கள்.

இதைவிடப் பெரிய சங்கதி, கொடுக்கும் அனுமதி. நிரலைப் படிக்க, முடிவை எழுத, சில சமயம் சர்வரின் பாஸ்வேர்டைத் தொட, எல்லாவற்றுக்கும் தளத்துக்கு டோக்கன் என்ற அனுமதிச் சாவி வேண்டும். ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கு டோக்கனைக் கொடுத்துவிடுவது சுலபம். அவர் கைக்கு எட்டும் எல்லாக் களஞ்சியமும் அதோடு திறந்துகொள்ளக்கூடும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. கிட்ஹப் ஆப் என்ற முறையில் எந்தக் களஞ்சியம், என்ன உரிமை என்று அளந்து கொடுக்கலாம். அந்த டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும்.

அளக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 காட்டியது. சோதனைகள் நிரலின் எவ்வளவு பகுதியைத் தொட்டன என்று கணக்கிடும் கோட்கவ் நிறுவனத்தின் ஸ்கிரிப்ட் ஒன்றை ஜனவரி இறுதியில் யாரோ திருத்திவிட்டார்கள். சோதனைக் கணினிகளில் இருந்த ரகசியங்கள் ஏப்ரல் 1இல் கண்டுபிடிக்கும்வரை வெளியே போய்க்கொண்டிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் டிராவிஸ் சி.ஐ. தளத்தில் இன்னொரு ஓட்டை: முன்பின் தெரியாதவர் நகலெடுத்து அனுப்பும் புல் ரெக்வெஸ்ட்டின் சோதனைக்கும், மூலக் களஞ்சியத்தின் ரகசியங்கள் ஒரு வாரம்போலக் கிடைத்துவந்தன.

2025 மார்ச்சில் ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்’ என்ற தொகுப்பில், சோதனை ஓட்டங்களில் செருகிக்கொள்ளும் துணைக்கருவி ஒன்று கெடுக்கப்பட்டது. 23,000க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் அதைப் பயன்படுத்திவந்தன. அதன் பழைய பதிப்பு எண்களையே தாக்கியவர்கள் தங்கள் நிரலை நோக்கித் திருப்பிவிட்டார்கள். சோதனைப் பதிவேட்டில் ரகசியங்கள் கொட்டின. பதிப்பு எண்ணை நம்பாமல், ஒரு குறிப்பிட்ட திருத்தத்தின் 40 எழுத்து அடையாளத்தை முழுவதுமாக எழுதி வைத்திருந்த அணிகள் பெரும்பாலும் தப்பின. அப்படி எழுதினால் அடுத்த பதிப்பு தானாக வந்து சேராது. ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து பார்த்து மாற்ற வேண்டும்.