காக்காவைத் "தாத்தா" என்கிறதா குழந்தை?

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோவில் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான்.

கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார பியூஸ் கட்டை எல்லாம் அங்கே தயாராகின்றன. களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். பொம்மையை எடுத்து, விளிம்பைச் சீவி, காயவைத்து, சூளையில் அடுக்குகிறார்கள். மண் ஈரமாக இருக்கும்போது கோணலைச் சரி செய்யலாம். வெந்த பிறகு முடியாது.

குழந்தை பொம்மை அல்ல. எந்த வயதிலும் கற்றுக்கொள்ளும். ஆனாலும், சின்ன வயதில் தொடங்கினால் வேலை சுலபம்.

வகுப்பே சிரித்தால்?

ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலில் காக்கை உட்காருகிறது. "தாத்தா! தாத்தா!" என்று கை நீட்டுகிறான். வகுப்பே சிரிக்கிறது. மறுநாள் முதல் அவன் வாயைத் திறப்பதே இல்லை. "மந்தம்" என்று பெயர் வாங்கிவிடுகிறான்.

அவன் மந்தம் அல்ல. "க" என்று சொல்ல நாக்கின் பின்பக்கம் எழும்ப வேண்டும். அவனுக்கு நுனி நாக்கு எழும்புகிறது. அதனால் "த" வருகிறது. அவ்வளவுதான்!

பேச்சுப் பயிற்சி தருபவர் அவன் முன்னால் ஒரு கண்ணாடியை வைப்பார். தண்ணீரைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளிக்கச் சொல்வார். ஒலி எங்கே பிறக்கிறது என்று அவனுக்கே தெரியும். முதலில் "க". பிறகு "கை", "கல்". கடைசியில் "காக்கா"!

முதலில் காது

பேச்சு வரவில்லையா? முதலில் காதைச் சோதிக்க வேண்டும். காதில் விழாத சொல்லைக் குழந்தை எப்படிச் சொல்லும்?

நாக்கில் வசம்பு தடவினால் பேச்சு வந்துவிடாது. "இவன் அப்பனும் 5 வயசில்தான் பேசினான்" என்று பாட்டி சொல்லலாம். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. 2 வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

காது மிகவும் கேளாத குழந்தைகளுக்கு, உள்காதில் கருவி பொருத்தும் ஆபரேஷன் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதற்கு இடம் இருக்கிறது. ஆகவே, தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

விரலுக்கும் பாடம்

சில பிள்ளைகள் நன்றாகப் பேசும். ஆனால் எழுத வராது. பென்சிலை முழுக் கையால் பிடிக்கும். நாலு வரியில் கை வலிக்கும். சட்டைப் பொத்தான் போடவும் தெரியாது. "சோம்பேறி" என்று அடி விழும்.

இப்படிப்பட்டவர்களுக்கு உதவுவது "ஆக்குபேஷனல் தெரபி". அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி இது. இந்தியாவில் இதற்கான முதல் பள்ளி 1950-ல் பம்பாயில் தொடங்கியது. பேச்சு, கேட்புத் துறைக்கு 1965-ல் மைசூரில் அகில இந்திய நிலையம் ஏற்பட்டது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005-ல் தேசிய நிறுவனம் ஒன்று வந்தது.

இந்தப் பயிற்சிக்கு விலை உயர்ந்த சாமான் வேண்டும் என்பதில்லை. ஈரக் களிமண் போதும். உருட்டுவது, கிள்ளுவது, தட்டுவது எல்லாம் விரலுக்குப் பலம் தரும். விருத்தாசலத்துக்காரர்களுக்கு மண்ணைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை! (காய்ந்த மண் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈர மண்ணையே கொடுக்க வேண்டும்.)

முழு சாக்குக்குப் பதில் உடைந்த துண்டைக் கொடுத்தால், பிள்ளை விரல் நுனியால்தான் பிடிக்கும். உட்காரும்போது கால் தொங்கினால், அடியில் ஒரு பலகை வைக்கலாம். கால் ஊன்றினால் கை நிதானப்படும்.

பள்ளியிலேயே ஏன்?

விருத்தாசலத்திலிருந்து மாவட்டத் தலைநகர் கடலூர் சுமார் 60 கிலோ மீட்டர். பஸ் செலவு ஒரு பக்கம். ஒரு நாள் கூலி போவது மறுபக்கம். கூலிக்குப் போகும் தாய் எத்தனை வாரம் அலைவாள்? பாதியிலேயே பயிற்சி நின்றுவிடும்.

பள்ளிக்கே பயிற்சி வந்தால் அந்தத் தொல்லை இல்லை. வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர்கள் இதற்காகவே இருக்கிறார்கள். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழக அரசின் "உரிமைகள்" திட்டத்தில், "விழுதுகள்" மையங்கள் மூலமும் இந்தப் பயிற்சிகள் தரப்படுகின்றன.

இது தர்மம் அல்ல, உரிமை. 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அளிக்கிறது. அரசுப் பள்ளியும், அரசு உதவி பெறும் பள்ளியும் இவர்களை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும்.

வீட்டில் 10 நிமிடம்

ஆனால் பள்ளிகள் பல. பயிற்சி தருபவர்கள் சிலர். வாரத்தில் அரை மணி நேரம் கிடைப்பதே பெரிது. மற்ற நாட்களில் டீச்சரும் தாயும்தான் கைகொடுக்க வேண்டும்.

பட்டாணி உரிக்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைக்கலாம். மாவு பிசையக் கொடுக்கலாம். தவறாகப் பேசினால் திட்டாமல், "ஆமாம் கண்ணு, காக்கா!" என்று சரியான சொல்லைச் சொல்லிக் காட்டலாம். தினம் 10 நிமிடம் போதும்.

ஒரு நாள் ஜன்னலில் மறுபடியும் காக்கை வந்து உட்காரும். "காக்கா!" என்று பையன் கூவுவான். அன்றைக்கு வகுப்பு சிரித்தால், அது வேறு சிரிப்பு!