உடன்போக்கும் கரணமும்

அகப்பொருட் பாடம் நடத்தும் தமிழாசிரியர் யாவரும் அறிந்த ஒன்றுண்டு. 'உடன்போக்கு' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியவுடன் மாணவரிடையே ஒரு குறுநகை பரவும். 'ஓடிப்போதல்' என்று அவர்கள் பொருள்கொண்டு விடுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. ஓடிப்போதல் என்பதில் ஒளிவும் பழியும் அடங்கியுள்ளன. உடன்போக்கிலோ துணைநிற்பார் உளர்; அறிவிப்பு உண்டு; முடிவில் கரணமும் உண்டு. இவ்வேறுபாடு ஏட்டோடு முடிவதன்று. இன்று நம் பிள்ளைகளின் வாழ்வையும் தொடுவது. ஆதலின் அதனைச் சிறிது விரித்து ஆராய்வாம்.

தொல்காப்பியர் வகுத்தது

கொடுத்தற்குரியார் கொடுப்ப, கரணத்தோடு கொள்வதே கற்பு என்பது கற்பியலின் முதல் நூற்பாத் தரும் இலக்கணம். ஆசிரியர் அம்மட்டில் நின்றிருப்பின், பெற்றோர் இசையாத மணம் மணமே அன்று என்றாகியிருக்கும். ஆனால் அடுத்த நூற்பாவிலேயே, தலைவனும் தலைவியும் உடன்போய காலத்துக் கொடுப்பார் இல்லாமலும் கரணம் நிகழும் என்கிறார். இவ்விரு நூற்பாக்களையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். கொடுப்பாரை விட்டுக்கொடுத்த தொல்காப்பியர் கரணத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதே இங்கு உற்றுநோக்கற்பாலது.

காரணம் என்னை? மக்களிடையே பொய்யும் தவறும் புகுந்த பின்னரே பெரியோர் கரணத்தை அமைத்தனர் என்று அவரே விடை பகர்கின்றார். செய்ததை மறைத்தல் பொய். செய்ததில் நிலைத்து நில்லாது நழுவுதல் வழு என்பது உரையாளர் விளக்கம். ஆகவே கரணம் என்பது ஆரவாரச் சடங்கன்று. நாளை ஒருவர் 'அறியேன்' என்று கைவிரியாதபடி பிறர் முன் இட்ட கட்டு.

தோழியின் தொழில்

பெற்றோர் கொடுக்காதவிடத்து மணத்தை முன்னின்று நடத்துபவள் தோழி. தலைவனை ஆராய்பவள் அவள். வரைவு கடாவுபவள் அவள். வேற்று வரைவு நெருங்கின் உடன்போக்கிற்கு வழிவகுப்பவளும் அவளே. ஆயினும் மறைக்க உதவுவதோடு அவள் தொழில் முடிவதில்லை. அவள் அறத்தொடு நிற்கிறாள். அஃதாவது, உண்மையை உரியவர்க்கு அறிவிக்கிறாள். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் அறத்தொடு நிற்பர் என்பது அகத்திணை மரபு. களவை வெளிக்கொணர்ந்து கற்பாக்குவதே இம்மரபின் பயன்.

பாட்டுக்களும் இதற்குச் சான்று பகர்வன. குறுந்தொகை ஏழாம் பாட்டில், சுரத்திடைச் செல்லும் இருவரைக் கண்டோர் பேசிக்கொள்கின்றனர். பெண்ணின் காலில் சிலம்பு கழற்றப்படாமல் இருப்பதைக் கண்டு, மணம் இன்னும் முடியவில்லை என உணர்ந்து இரங்குகின்றனர். பாலைக்கலியில் மகளைத் தேடிச் செல்லும் செவிலியிடம், சந்தனம் மலையில் பிறந்தும் மலைக்குப் பயன்படுவதில்லை, முத்தும் கடலுக்குப் பயன்படுவதில்லை என்று எடுத்துக்காட்டி, அவள் மகளும் அத்தகையளே என்று முக்கோல் அந்தணர் தேற்றுகின்றனர். ஐங்குறுநூற்றின் 399ஆம் பாட்டோ இன்னும் நுட்பமானது. சிலம்பு கழிக்கும் சடங்கு உங்கள் மனையில் நடந்திருப்பினும், மணம் எங்கள் மனையில் நிகழட்டுமே என்று நற்றாய் வேண்டுகின்றாள். போன மகளை ஒறுக்க அவள் எண்ணவில்லை. கரணத்தைத் தன் வீட்டில் காணவே விழைகின்றாள்.

பழந்தமிழர் மணம் பெருஞ்செலவுடையதாயிருந்ததோ எனில், அதுவும் இல்லை. நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86ஆம் பாட்டில் உளுந்திட்ட சோறு உண்டு. பந்தரில் பரப்பிய புதுமணல் உண்டு. திங்கள் நன்னாளொடு கூடிய வைகறை உண்டு. மக்களைப் பெற்ற மங்கையர் நால்வர் நீராட்டி வாழ்த்துவது உண்டு. எரிவளர்த்தலும் புரோகிதரும் அப்பாட்டில் இல்லை. மணம் நடத்தியவர் அந்த நால்வரே.

பிறநாட்டு வழக்கு

இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டுச் சட்டம் மறைமுக மணங்களைச் செல்லாதனவாக்கிற்று. ஸ்காத்லாந்திலோ இரு சான்றினர் முன் இருவரும் உறுதி கூறினாலே மணமாகும் என்ற நிலை இருந்தது. ஆகவே காதலர் எல்லை கடந்து கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூருக்கு விரைந்தனர். ஆங்குள்ள கொல்லுலையில் பட்டடையின் முன் மணம் நடத்திவைப்போர் இருந்தனர். 1856இல் வந்த சட்டம், மணமக்களுள் ஒருவரேனும் ஸ்காத்லாந்தில் 21 நாள் தங்கியிருத்தல் வேண்டும் என விதித்து அவ்விரைவுக்குத் தடையிட்டது.

ஆஸ்திரேலியாவில் 1973 முதல், சமயகுருவும் அரசு அலுவலரும் அல்லாத பொதுமக்கள் மணம் நடத்தும் உரிமை பெற்றனர். அங்கே கடற்கரையில் பத்துப்பேர் சூழ நடக்கும் மணத்தையும் 'ஓடிப்போய் மணத்தல்' என்ற பழஞ்சொல்லாலேயே இன்று குறிக்கின்றனர். ஓட்டம் போய்விட்டது, சொல் மட்டும் நின்றது. எனினும் ஒரு மாதத்திற்குக் குறையாத முன்னறிவிப்பும் இரு சான்றினரும் அங்கும் இன்றியமையாதன.

தமிழ்நாட்டில்

தமிழகத்தில் 1920களின் இறுதியில் பரவத் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்கள், ஒருவர் தலைமையில் உறுதிமொழி கூறி நடந்தவை. நெடுங்காலம் அவற்றுக்குச் சட்ட ஏற்பு இல்லை. அண்ணா முதல்வராயிருந்த 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவு சேர்க்கப்பெற்று, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் அறிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் மணம் செல்லும். ஊரறிய நடக்காத இத்தகைய மணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் கூறியது. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சுவோர் ஊரைக் கூட்ட இயலாது என்பதை உணர்ந்து, இந்திய உச்சநீதிமன்றம் 2023இல் அக்கருத்தை மாற்றியது. கொடுப்பார் இன்றியும் கரணம் உண்டு என்ற பழைய நெறி இங்குப் புத்துயிர் பெற்றது எனலாம்.

நம் நாட்டில்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார் மணங்களை ஆள்வது 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம். அது 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்களைச் சட்டம் பதிவானவையாகவே கொண்டது. அந்நாளுக்குப் பின் கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. நம் தோட்டங்களில் தாத்தா பாட்டியின் மணம் பதிவின்றியே செல்லுபடியானதைக் கண்ட பேரப்பிள்ளைகள், தமக்கும் அதுவே போதும் என்று எண்ணிவிடுவது இடர் தருகின்றது.

அவ்விடரைத் தாங்குவது குழந்தை. பள்ளிச் சேர்க்கைக்கு வரும் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'தகவல் பெறப்படவில்லை' என்னும் மலாய்ச் சொற்கள் அச்சாகியிருப்பதை எம்போன்ற தலைமையாசிரியர் காண்கின்றோம். பதிவில்லா மணத்தில் தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டாலன்றித் தந்தை பெயர் ஏறாது. தாய் அயல்நாட்டவராயின் குடியுரிமையே சிக்கலாகின்றது. தொல்காப்பியர் அஞ்சிய பொய்யும் வழுவும் பெற்றோருடையன. தண்டனை மட்டும் ஆறு வயதுக் குழந்தைக்கு.

எளிய மணம் விரும்புவோர்க்கு

செனாவாங்கிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் அடையக்கூடிய போர்ட்டிக்சன் கடற்கரையில், கடனின்றிச் சிலர் சூழ மணந்துகொள்ள இருவர் விரும்பின் அதில் இழுக்கொன்றுமில்லை. பல ஆண்டுச் சேமிப்பை ஒருநாள் விருந்தில் கரைப்பதினும் அது மேலானது. முறை மட்டும் பிழையாதிருத்தல் வேண்டும்.

இருவருக்கும் 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். 21 நிரம்பாதவர்க்குத் தந்தையின் எழுத்து இசைவு தேவை. தந்தை இல்லாதவிடத்துத் தாய் முதலியோர் இசைவு. ஏழு நாளேனும் தாம் தங்கியிருந்த மாவட்டத்துத் திருமணப் பதிவதிகாரியிடம் முன்னறிவிப்புத் தருதல் முதற்படி. அவ்வறிவிப்பு அனைவரும் காண வெளியிடப்பெறும். 21 நாள் கழிந்தபின் சான்றிதழ் கிடைக்கும். ஆறு மாதத்திற்குள் மணம் முடிதல் வேண்டும். பதிவதிகாரியின் அலுவலகத்திலோ, துணைப்பதிவதிகாரியாக அமர்த்தப்பெற்ற குருக்கள் உள்ள கோயிலிலோ நம்பத்தக்க இரு சான்றினர் முன் மணக்கலாம். வேறிடமாயின் தனி உரிமம் வேண்டும். ஆகவே முதலில் பதிவை முடித்துக்கொண்டு, பின்னர்க் கடற்கரையில் தாலி கட்டும் விழாவைப் பெரியவர் ஒருவர் தலைமையில் நடத்துவதே எளிய வழி. அங்குத் தலைமை தாங்குபவர் எத்துணைச் சிறப்புடையவராயினும், சட்டம் அவரைப் பதிவதிகாரியாகக் கொள்ளாது என்பதை மறத்தலாகாது. மேற்குநோக்கிய கரையாதலின் வெயில் ஏறுமுன், அகநானூறு காட்டும் வைகறையைத் தேர்வது தகும்.

அலுவலகத்தில் நடக்கும் மணம் திறந்த கதவுகளோடு நடத்தல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது. இச்சிறு தொடர் எண்ணுந்தோறும் இனிப்பது. உள்ளே நால்வர் மட்டும் இருக்கலாம். ஆனால் கதவு திறந்திருத்தல் வேண்டும். சிறுமை வேறு, மறைவு வேறு. மணம் எத்துணைச் சிறியதாகவும் இருக்கலாம். மறைவானதாக இருத்தல் கூடாது.

தமிழாசிரியர் உடன்போக்கைக் கற்பிக்கும்போது தலைவியின் துணிவைப் பாராட்டுதலோடு அமையாது, தோழியின் அறத்தையும் எடுத்துரைப்பாராக. நம் மாணவர் வளர்ந்து காதலிப்பர்; அவர்தம் நண்பர் அவர்க்குத் துணைபோவர். துணைபோகும் நண்பர் அந்நாளில் கேட்கவேண்டிய முதற்கேள்வி, 'முன்னறிவிப்புத் தந்துவிட்டீர்களா?' என்பதே. அக்கேள்வியைக் கேட்பவரே இக்காலத்துத் தோழி.